முதல் டேக்

“ஒன் மோர் போலாமாண்ணா?” என்று கேட்டேன். சினிமாக்காரர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்விதான். அதைக் கேட்டுத்தான் ஒரு மனிதனின் சாவை நான் பொய்யாக்கினேன்.

இதை எழுதுகிறேன். எழுத்துக்கு மெய்முத்திரை கிடையாது. எத்தனை தடவை அடித்துத் திருத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மேலே உள்ள பத்தியையே ஒன்பது தடவை மாற்றியாகிவிட்டது. வீடியோவில் இந்தச் சலுகை போய்ப் பல வருடமாகிறது.

அந்தச் சட்டம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. யார் முகத்தில் வேண்டுமானாலும் யார் பேச்சை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றான பிறகு, கோர்ட்டில் எந்த வீடியோவையும் எவரும் நம்பவில்லை. கொலை செய்தவன் ‘அது நான் இல்லை, யாரோ கம்ப்யூட்டரில் செய்தது’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். அதற்கு மருந்தாக வந்ததுதான் மெய்முத்திரை கேமரா. படம் ஒட்டுப்போட்டதா என்று மட்டும் அது பார்க்காது. பேசுகிறவரின் கண் எங்கே போகிறது, முகத்தில் ரத்தம் எப்படி ஏறி இறங்குகிறது, எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு நிற்கிறது என்றெல்லாம் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். எண்பதும் அதற்கு மேலும் என்றால் பச்சை வட்டம். கீழே போனால் சாம்பல் வட்டம், அதன் நடுவில் ஒரே ஒரு சொல்: ‘நடிப்பு’.

அந்தக் கேமராவைச் சாதாரண ஜனங்கள் வாங்க முடியாது. அதனால் சில கல்லூரிகளுக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்தது. எங்கள் விஸ்காம் துறையில் மூன்றாம் வருடம் ‘மெய்க்கதை’ என்று ஒரு தாள் உண்டு. ஊரில் யாருக்காவது சொல்லவேண்டிய உண்மை இருந்தால் நாங்கள் போய்ப் பதிவு செய்வோம். அவர்களுக்குச் சாட்சி, எங்களுக்கு மார்க். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் வகுப்பில் தமயந்தி மேடம் தெளிவாகச் சொன்னார். “ஞாபகத்துலேர்ந்து பேசறவன் தேடுவான். மனப்பாடத்துலேர்ந்து பேசறவன் ஓடுவான். கேமரா அதத்தான் பாக்குது. ஒரு ஆள் ஒரு விஷயத்த மொதல் தடவையா சொல்லும்போது பச்சை வரும். ரெண்டாவது தடவ கஷ்டம். மூணாவது, நாலாவதுன்னா மறந்துடுங்க. அதனால முன்னாடியே டீ சாப்டுக்கிட்டு கதை கேக்காதீங்க. போனீங்க, ஒக்காந்தீங்க, ஆன் பண்ணீங்க, கேட்டீங்க. அவ்ளோதான்.”

பக்கத்தில் இருந்த இம்தியாஸ் கை தூக்கினான். “அப்ப ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ்னு பத்து இடத்துல அழுதுட்டு வர்றவங்க?”

“அவங்களுக்குக் கஷ்டம்தான்.”

“அவங்கதானே மேடம் நிறைய பேரு?”

மேடம் மார்க்கரின் மூடியை மூடினார். “சட்டம் எழுதினவங்களக் கேளு” என்றார். நான் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. பரீட்சைக்கு வராது என்று நினைத்தேன்.

எங்கள் இருவருக்கும் வந்த கதை கோதண்டன் என்பவருடையது. புளியந்தாங்கல் தோல் கம்பெனியில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி அவருடைய தம்பி முனிரத்தினம் செத்துப்போனார். குடித்துவிட்டு அவராகவே உள்ளே விழுந்தார், யாரும் இறங்கச் சொல்லவில்லை என்றது கம்பெனி. தொட்டியின் மேல் நின்றவர்கள் இரண்டே பேர்: கோதண்டன், சூப்பர்வைசர் குப்புராஜ். குப்புராஜ் என்ன சொல்வான் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே எல்லாம் கோதண்டன் தலையில். விசாரணை ஆணையத்தில் வெள்ளிக்கிழமைக்குள் பச்சை முத்திரையோடு அவருடைய வாக்குமூலம் போயாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி சொன்னதே முடிவு.

அவர்கள் தரப்பு வக்கீல் அவரிடம் ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தார். பதிவு செய்கிற வரைக்கும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. மனிதர் நாற்பத்தொரு நாள் அதைக் காப்பாற்றினார். சாவு வீட்டில், கருமாதியில், தம்பியின் மனைவி அம்சா சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டபோதுகூடப் பேசவில்லை. தன் புருஷன் எப்படிச் செத்தான் என்று அம்சா அக்காவுக்கு நாங்கள் போன சனிக்கிழமையன்றும் தெரியாது.

சனிக்கிழமை காலை போனோம். கம்பெனி மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரே கூரையின் கீழ் இரண்டு அறை. ஒன்றில் அண்ணன், ஒன்றில் தம்பி குடும்பம். பதிவின்போது வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் அம்சா அக்காவை வெளியே உட்காரச் சொன்னேன். இம்தியாஸ் மாற்று பேட்டரியை பைக்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மெயின் ரோட்டுக்கு எடுக்கப் போனான்.

அவன் வருவதற்குள் சவுண்ட் பார்த்துவிடலாம் என்று கேமராவை ஆன் செய்தேன். “பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்கண்ணா. மைக் சரியா இருக்கான்னு பாக்கணும்.”

“கோதண்டன். புளியந்தாங்கலு” என்றார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “நானும் என் தம்பியும் ஒண்ணாதான் வேலைக்குப் போவோம். அன்னிக்கி பம்பு அடச்சிகினு நின்னுபோச்சி…” என்று தொடர்ந்தார்.

பதினோரு நிமிஷம் பேசினார். நடுநடுவே நிறுத்தினார். தப்பாகச் சொன்னதைத் திருத்தினார். ஒரு இடத்தில் கையால் ஏணிப்படிகளை எண்ணிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. ஆனால் நல்லபடியாகக் கேட்கவும் இல்லை. ஹெட்போனில் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிஷத்தில் கம்பெனி லாரி ஒன்று சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தது. ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடுகிற லாரி. மூன்று நிமிஷம் அவர் பேச்சு முழுக்க அந்தப் பாட்டு. ஃப்ரேமும் சரியில்லை, சவுண்டுக்காக வைத்த ஃப்ரேம், நெற்றி பாதி வெட்டுப்பட்டிருந்தது. எங்கள் தாளில் ஒலிக்கு இருபது மார்க், ஃப்ரேமுக்கு இருபது மார்க். என் தலைக்குள் ஓடியது அந்த நாற்பது மார்க்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

“ஒன் மோர் போலாமாண்ணா?”

அவருக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏம் பாப்பா, நான் செரியா சொல்லலியா?”

“சூப்பரா சொன்னீங்க. லாரி சத்தம் வந்துருச்சு. அதே மாதிரி இன்னொரு தடவ சொல்லிடுங்க.”

“அதே மாரியா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

முத்திரைக் கேமராவில் ஒரு சாட்சிக்கு ஒரு நேரத்தில் ஒரு பதிவுதான் இருக்க முடியும். புதிதாக எடுக்க வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். வட்டம் வரும்வரைகூடக் காத்திருக்காமல் அழி என்று தொட்டேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘பேசியவர் அழிக்கச் சொன்னாரா?’ பேசியவருக்குத் தன் பேச்சைத் திரும்பப் பெற உரிமை உண்டு. அதற்காக வைத்த கேள்வி. நான் கோதண்டன் அண்ணனைக் கேட்கவில்லை. ‘ஆம்’ என்று தொட்டேன். முத்திரை போடுவதற்கு முன்னால் அழித்தால் எந்தத் தடயமும் மிஞ்சாது. சட்டமே அப்படித்தான்.

பிறகு இம்தியாஸ் வந்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பினோம். லாரி போய்விட்டிருந்தது. ஒலி சுத்தமாக வந்தது, ஃப்ரேம் அழகாக இருந்தது. எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். முதல் தடவை சொன்ன ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை விட்டுவிட்டார். நான் கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐம்பத்து நாலு. சாம்பல்.

இம்தியாஸ் என்னைப் பார்த்தான். “மொதல் டேக்தானே சுகி இது?”

“ஆமா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தாகிவிட்டது. பயம், வேறொன்றும் இல்லை. சாட்சியின் அனுமதி இல்லாமல் பதிவை அழித்தால் கல்லூரியின் உரிமம் போகும், அழித்தவருக்குப் படிப்பு போகும், கேஸும் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தெருவில் போகிறவர்களிடமெல்லாம் ‘எம் பொண்ணு உண்மையப் படிக்கிறா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோதண்டன் அண்ணன் இரண்டு தடவை சொன்னதை வெளியே சொல்வாரே என்று ஒரு நடுக்கம். அவர் சொல்லவில்லை. படம் எடுக்கிற முறையே அதுதான் என்று நினைத்திருந்தார்.

கதவைத் திறந்ததும் அம்சா அக்கா எழுந்து நின்றார். “ஆச்சா பாப்பா? பச்சதானே?”

நான் கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவர் எங்களைத் தாண்டி உள்ளே பார்த்தார். கோதண்டன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலைதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

திங்கள்கிழமை மேடம் வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். “நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்காரு. ஆனா ஓடுறாரு பாருங்க, எங்கேயும் தேடவே இல்ல. எங்கேயாவது முன்னாடியே கொட்டியிருப்பாரு. சுகிர்தா, ஆன் பண்றதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாரா?”

“இல்ல மேடம்.”

“சொல்லியிருந்தா ஒரு வழி இருக்கு, அதுக்குக் கேக்குறேன். பதிவாகாத பேச்ச, இல்ல அழிஞ்சுபோன பேச்ச நேர்ல கேட்டவங்க யாராச்சும் இருந்தா, அவங்க கேமரா முன்னாடி சொல்லலாம். ஆணையம் ஏத்துக்கும். ஆனா அவங்களும் மொதல் தடவையா சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டது பூராவும் சொல்லணும். வேணும்கிறத எடுத்துட்டு வேணாம்கிறத விட்டா அதுவும் சாம்பல்தான்.”

“அழிச்சவங்களுக்கு மேடம்?” என்று கேட்டது இம்தியாஸ். நான் மேஜையில் கீறியிருந்த யாரோ ஒருவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவங்க கதை முடிஞ்சுது” என்றார் மேடம். “அதப்பத்தி என்ன, அப்படி யாரும்தான் இல்லையே.”

அன்று மாலையே மறுபடி போனோம். நாற்பத்தேழு. செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை. முப்பத்தொன்பது. சாம்பல் வந்ததையெல்லாம் அழித்துவிடச் சொன்னார், அழித்தோம். கோதண்டன் அண்ணனுக்கு என்ன செய்தால் பச்சை வரும் என்று தெரியவில்லை, எங்களைக் கேட்டார். “அழட்டுமா பாப்பா? அழுதா வருமா?” செவ்வாய்க்கிழமை அழுதும் பார்த்தார். தம்பி பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அடிக்கடி ஓரக்கண்ணால் கேமராவின் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே அழுதார். என்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் அறைக் கதவில் யாரோ சாக்பீஸால் வட்டம் போட்டு நடுவில் ‘நடிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். டீக்கடையில் அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். மெஷின் பொய் சொல்லுமா என்றது ஊர். கம்பெனி அவரை வாங்கிவிட்டது, அதனால்தான் நாற்பத்தொரு நாள் வாயைத் திறக்கவில்லை என்றது. அம்சா அக்கா இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கதவுக்குத் தாழ் இருக்கிறது என்றே யாருக்கும் ஞாபகம் இல்லையாம்.

வியாழக்கிழமை காலையில் கோதண்டன் அண்ணன் போன் செய்தார். “பாப்பா, இனிமே வராதீங்க. கம்பெனி பேப்பர் ஒண்ணு குடுத்துகிறான். நான் அந்த எடத்துலயே இல்லன்னு. கையெழுத்து போட்டுடறேன்.”

“ஏண்ணா? நீங்க பாத்தீங்களே!”

“பாத்தனா?” என்றார். “நாலு வாட்டி சொன்னேன். ஒரு வாட்டி கூட மெய்யின்னு வர்ல. எனுக்கே இப்ப ஒண்ணும் புரியல பாப்பா. ராவுல கண்ண மூடுனா தொட்டி தெரியல. நான் சேர்ல குந்திகினு சொல்றதுதான் தெரியுது. கனா கண்டதப் போய் சொல்லிகினு இருந்தனோ இன்னாவோ.”

போனை வைத்தேன். அவர் தம்பியை ஒரு தொட்டி விழுங்கியது. அந்தத் தம்பி செத்த ஞாபகத்தையும் அவரிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன். இந்த உலகத்தில் அது முழுசாக இப்போது இருப்பது ஒரே இடத்தில்தான், என் தலைக்குள். அதுவும் ஒரே ஒரு தடவைதான் வெளியே வரும்.

ஐந்து நாளாக அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் கோழைத்தனம்தான். ஆனால் அந்தக் கோழைத்தனம்தான் அதைக் கெடாமல் வைத்திருந்தது. இனி யோசித்தால் மனப்பாடம் ஆகிவிடும் என்று யோசிக்கவும் பயந்தேன். கஷ்டம் என்னவென்றால், பச்சை வர வேண்டுமானால் கோதண்டன் அண்ணன் விட்டுவிட்ட அந்த ஒன்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். சொன்னால் முனிரத்தினத்துக்கு நியாயம் கிடைக்கும். அண்ணனுக்கு அந்தக் கூரையின் கீழ் இடம் இருக்காது.

இம்தியாஸைக் கூப்பிட்டேன். “கேமராவ எடு. அம்சா அக்கா வீட்டுக்குப் போறோம்.”

“யாரு பேசப்போறா?”

“நான்.”

வழியெல்லாம் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே வந்தான். பைக்கின் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கோபம் வந்து, “ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போய்டுவ?” என்றான். குறைந்துதான் போவேன்.

அம்சா அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்கவில்லை. “இன்னும் இன்னா எடுக்கப் போறீங்க? போங்க பாப்பா. அதான் பொய்யின்னு எழுதிட்டீங்களே” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ ஒருத்திதான் உள்ள இருந்த. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்க மாமா பொய் சொன்னாரா?”

“ஒக்காருங்கக்கா” என்றேன். “கேமராவ எம் பக்கம் வை இம்தியாஸ். ஆன் பண்ணு. நான் அக்காகிட்ட சொல்லப்போறேன்.”

சாட்சிக்கு எதிரில் வெளியாள் யாரும் இருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆன் செய்தான்.

“நான் ஒரு பதிவ அழிச்சேன்” என்று ஆரம்பித்தேன். “அவரு அழிக்கச் சொல்லல. நானேதான் அழிச்சேன். லாரி சத்தம் இருந்துச்சுன்னு.” இம்தியாஸின் கை கேமராவில் அப்படியே நின்றதைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

“அதுல அவரு சொன்னது இது. பம்பு அடச்சிக்கிச்சு. குப்புராஜ் மொதல்ல கோதண்டன் அண்ணனத்தான் எறங்கச் சொன்னான். அவரு… முட்டி வலிக்குதுன்னு சொன்னாரு. இல்ல, மொதல்ல ‘வேணாம் சார், உள்ள வெஷ கேஸ் இருக்கும்’னாரு. அப்புறம்தான் முட்டி. அதுக்கு குப்புராஜ், ‘அப்ப ஒன் தம்பிய எறக்கு, இல்லன்னா ரெண்டு பேரும் நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதீங்க’ன்னான். அண்ணன் ஒண்ணும் பேசலயாம். தம்பி முகத்தப் பாத்துட்டு, கயித்த எடுத்து அவரே தம்பி இடுப்புல கட்டினாராம்.”

அம்சா அக்காவின் கையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது வெளியே லாரி வந்தது. அதே லாரி. ரிவர்ஸ் பாட்டு தொடங்கியது. ஹெட்போன் மாட்டியிருந்த இம்தியாஸ் பழக்கத்தில் கையைத் தூக்கினான். நான் நிறுத்தவில்லை. பாட்டுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினேன்.

“உங்க வீட்டுக்காரரு சிரிச்சாராம். ‘நீ மேல நின்னு கயிற மட்டும் புடி, முட்டிக்கு வேல இல்ல’ன்னாராம். நாலு படி… இல்ல, அஞ்சு. அண்ணன் கையால எண்ணிக் காட்டினாரு, அஞ்சு படி. அஞ்சாவது படியில லுங்கிய சரிபண்ற மாதிரி குனிஞ்சாரு. நிமிரல. அண்ணன் இழுத்தாரு. கயிறு மட்டும் வந்துச்சு. குப்புராஜ் அப்பவே போன எடுத்துக்கிட்டு வெளியே போய்ட்டான்.”

முடித்துவிட்டேன். பாட்டும் நின்றது. திரையில் பச்சை வட்டம் வந்திருக்கிறது, தொண்ணூற்றொன்று என்று இம்தியாஸ் மெதுவாகச் சொன்னான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆணையத்தில் அதைக் கொடுத்தோம், எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம் என்னைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். உரிமமும் போயிற்று. தமயந்தி மேடம் என்னிடம் பேசவில்லை. இப்போது மாவட்டத்தில் உண்மை சொல்ல விரும்புகிறவர்கள் சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது. அதுவும் என் கணக்கில்தான்.

ஆனால் அன்று மத்தியானம் இன்னும் முடியவில்லை. நடுக்கதவு தட்டப்படுகிற சத்தம் கேட்டது. தட்டினதுகூட இல்லை, யாரோ அதன்மேல் சாய்ந்த சத்தம். அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருக்கிறார். அம்சா அக்கா எழுந்து போய்த் தாழை நீக்கினார். கோதண்டன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் கம்பெனி கொடுத்த காகிதம் மடித்து வைத்தபடி இருந்தது.

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்சா அக்கா அடிக்கவில்லை.

“மெய்யாவே வலிச்சிதா மாமா?” என்று கேட்டார். “அன்னிக்கி முட்டி மெய்யாவே வலிச்சிதா?”

யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பு என்று மூன்று வருடமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் பதிவைச் சேமித்துவிட்டு, இம்தியாஸின் கை தானாகவே கேமராவைத் திருப்பியது.

கோதண்டன் அண்ணன் குனிந்து தன் முட்டியையே பார்த்தார். அங்கே எழுதியிருக்கும் என்பது மாதிரி வெகுநேரம் பார்த்தார். “தெர்லம்மா” என்றார். “வலிச்சிதா… பயந்துகினு சொன்னனா… தெர்ல. அன்னிக்கே தெர்ல. குப்புராஜு ஒன் தம்பின்னதும் நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அது மட்டும் தெரியும்மா. மத்தது எனுக்குத் தெர்ல.”

அம்சா அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கோதண்டன் அண்ணனும் எதிரில் உட்கார்ந்தார். முட்டியை மடக்கும்போது முகம் சுளித்தது; அதை எங்கள் மூவரில் யார் பார்த்தோம், யார் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

இம்தியாஸ் திரையை என் பக்கம் காட்டினான். பச்சை வட்டம். தொண்ணூற்றெட்டு. எங்கள் கல்லூரியில் யாரும் அதுவரை எடுக்காத மார்க். கீழே சேமி, அழி என்று இரண்டு பொத்தான்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவன் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதை வெளியே விட்டால், தம்பியை இறக்கியது அண்ணன்தான் என்று பழியைத் திருப்பிவிடக் கம்பெனி வக்கீலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அழித்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த முறை எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அது நான் சொல்லவேண்டியது இல்லை.

கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“அண்ணா, நீங்க இப்ப பேசினது இதுல பதிவாயிருக்கு. வெச்சிக்கவா, அழிச்சிடவா? நீங்கதான் சொல்லணும்.”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அம்சா அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, தலையாட்டவும் இல்லை. கோதண்டன் அண்ணன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வெச்சிக்கோ பாப்பா” என்றார். “நான் சொன்னதுல இது ஒண்ணுதான் பச்சையா வந்துகீது.”